மயிலாப்பூரில் கொட்டிய பச்சைத் தண்ணீர்

சென்னைக்குப் போகிறேன் என்றதும் பள்ளிக்கூடத்தில் ஆளாளுக்கு ஒரு பட்டியல் தந்தார்கள். அதிபருக்குக் காஞ்சிபுரம் சேலை. சங்கீத ஆசிரியைக்கு நல்ல ஊதுபத்தி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு யாராவது ஒரு நடிகருக்குப் பக்கத்தில் நான் நிற்கிற படம். எனக்கென்று இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு போத்தல் பச்சைத் தண்ணீரைக் கொண்டுபோய், அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தின் பெரிய நுண்ணோக்கியில் நான்கு மணி நேரம் பார்த்துவிட்டு வரவேண்டும்.

பருத்தித்துறையில் உயிரியல் படிப்பிக்கிறேன். வயது நாற்பத்தேழு. இந்த வயதில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவுசெய்து, மூன்று வருடமாகச் சனி ஞாயிறுகளில் குளங்களைச் சுற்றியதில் 'பாசி ரீச்சர்' என்ற பெயர் மிச்சம். பாசி அல்ல, யூக்ளினா என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். ஒரே செல் உள்ள உயிர். மரஞ்செடிகளின் செல்லுக்கு இருப்பதுபோல் இதற்குச் சுவர் கிடையாது. ஆனாலும் ஆள் பந்தாக உருளும், ஊசியாக நீளும், ஒரு மணற்துகளின் இடுக்கில் நெளிந்து புகுந்து மறுபக்கம் வந்ததும் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். மேல்படலத்துக்கு அடியில் ஒட்டிக்கிடக்கும் சில புரதங்கள் செய்கிற வேலை அது. பட்டி பட்டியாக அமைந்து, ஆளின் உருவத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. எங்கள் ஊர்க் குளத்து யூக்ளினாவில் அந்தப் புரதம் எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று காட்டுவதுதான் என் ஆய்வு. எங்களிடம் உள்ள நுண்ணோக்கியில் அது தெரியாது. அடையாறில் இடம் கிடைக்க எட்டு மாதம் காத்திருந்தேன். டிசம்பரில் என் பதிவு முடிகிறது.

போத்தலைக் கடல் கடத்த வாங்கிய அனுமதிக் கடிதங்களைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை அங்கேயே நின்றுவிடும், ஆகவே நேரே ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆட்டோவில் ஏறி இடத்தைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, கேரளாவா என்று கேட்டார். இலங்கை என்றேன். "தமிழ் நல்லா பேசுறீங்களே மேடம்" என்று பாராட்டினார். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்த தெருக்களில் ஒரே பிள்ளையார் கோயிலை இரண்டு பக்கமும் காட்டிவிட்டு, மயிலாப்பூரிலிருந்து சாந்தோம் பக்கம் போகும் ஒரு சந்தில் இறக்கிவிட்டார்.

நான் தங்கியது நஸீமாவின் வீட்டில். தையல்காரி. கணவர் தோல் வியாபாரமாக ஆம்பூருக்கும் இங்குமாக அலைகிறவர், அந்த வாரம் ஆம்பூரில். முன்னறையில் இரண்டு தையல் மெஷின், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் ரவிக்கைகள், மாடியில் வாடகைக்கு விடும் ஓர் அறை. என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். வந்து அரை மணி நேரத்தில் என் சேலை ரவிக்கையின் கைச்சுற்றைப் பார்த்து, தைத்தவர் அவசரத்தில் இருந்திருக்கிறார் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவசரத்தில் இருந்தது என் தங்கை. அதை நான் சொல்லவில்லை.

போத்தலை ஜன்னல் கட்டையில் வெளிச்சம் படும்படி வைத்தேன். காற்றுப் போக வாயில் பஞ்சு அடைத்திருந்தது. மேலே 'E-3' என்று ஒரு சிறு சீட்டு, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை நஸீமா லைனிங் துணி வாங்கத் தி.நகர் போனாள், நானும் ஒட்டிக்கொண்டேன். ரங்கநாதன் தெருவில் நடப்பது என்பது நாம் நடப்பதல்ல, பின்னால் வருகிறவர்கள் நம்மை நடத்துவது. எங்கள் ஊர்த் தேர்த்திருவிழாவில் வருடத்துக்கு ஒருநாள் பார்க்கிற கூட்டம் இங்கே வேலைநாளில் சாதாரணமாகப் போய்வருகிறது. ஒரு மேட்சிங் சென்டரில் நுழைந்தோம். ரவிக்கைத் துணிகள் தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருந்தன. நஸீமா பையிலிருந்து விரலளவு துண்டுகளை எடுத்துப் போட, கடைக்காரர் ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, பக்கத்தில் வைத்து ஒப்பிடாமலே மேலே கையை நீட்டி அதே நிறத்தை இழுத்தார். பதினோரு நிறம், ஒன்றுகூடப் பிசகவில்லை. எனக்குச் சிவப்பில் இரண்டு வகைதான் தெரியும்.

மத்தியானம் ஓர் உணவகத்தில் இட்லி கேட்டேன். வாளியோடு வந்தவர் கேட்காமலே சாம்பாரை இட்லிக்கு மேல் ஊற்றிவிட்டார். எங்கள் பக்கம் தேங்காய்ச் சம்பலைத் தொட்டுச் சாப்பிடுவோம், மூழ்கடிக்க மாட்டோம். முதல் இட்லியை மீட்கப் பார்த்தேன், இரண்டாவதற்கு விட்டுவிட்டேன், மூன்றாவதற்கு நானே இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். நீங்கள் காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று நஸீமா விசாரித்தாள். இடியப்பமும், தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதியும் என்றேன். சொதி எப்படி வைப்பது என்று துருவித் துருவிக் கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வாங்கிய துணியை வாளியில் நனைத்தாள். வெட்டுமுன் நனைத்துக் காயவைக்காவிட்டால், தைத்த பிறகு உள்துணி சுருங்கி மேல்துணியை இழுக்குமாம். நனைத்த தண்ணீரை அப்படியே தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்ச் செடிகளுக்கு ஊற்றினாள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று பழகிய ஊர் இது. அரிசி கழுவிய தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டுவது, தண்ணீர் கேனின் அடியில் மிஞ்சியது எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் போகுமிடம் உண்டு. வீட்டுக் கிணற்றில் வாளி போட்டு இறைத்துக் குளிக்கிற எனக்கு, அன்று குளியலறையில் இரண்டாவது வாளியைத் திறக்க வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அடையாறு ஆய்வுக்கூடம். அங்கே நுண்ணோக்கியைப் பார்த்துக்கொள்பவர் வைதேகி, முப்பத்தைந்து வயது இருக்கும், மயிலாப்பூர் மாடவீதிக்காரர். "வாங்கோ வாங்கோ, உங்க மெயிலை எட்டு மாசமா பாத்துண்டே இருக்கேன்" என்றார். வெள்ளிக்கிழமை பத்திலிருந்து இரண்டு மணி வரை எனக்கு. அதற்குமுன் வியாழக்கிழமை முழுவதும் செல்களைப் பக்குவப்படுத்தி, அந்தப் புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் மருந்தை ஏற்றவேண்டும். கைபேசியில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பினேன்.

ஜன்னல் கட்டையில் போத்தல் இருந்தது. கழுவித் துடைத்து, பளபளவென்று, வாயைக் கீழே கவிழ்த்து வைத்திருந்தது.

கீழே ஓடினேன். நஸீமா மெஷினில் இருந்தாள். விஷயம் சின்னது. கொசு ஒழிப்புக்காரர்கள் வீடு வீடாக ஏறி, தேங்கிய தண்ணீர் எங்கே இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். போன வருடம் எதிர்வீட்டு மாடியில் உடைந்த வாளியில் மழைத்தண்ணீர் நின்றதற்கு அவர்கள் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டதாம். என் அறையில் பச்சை பிடித்த ஒரு போத்தல், வாயில் பழைய பஞ்சு.

"கெட்டுப்போன தண்ணின்னு நெனச்சிட்டேன் டீச்சர். அவங்க படியேறிக்கினு இருந்தாங்க."

"ஆரைக் கேட்டு ஊத்தினீங்கள்?" என்றேன். அதோடு நிற்கவில்லை. மூன்று வருடம், எட்டு மாதம் என்று கணக்குச் சொன்னேன். படிக்காதவர்கள் வீட்டில் வந்து தங்கியது என் பிழை என்றும் சொன்னேன். அதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், விட்டால் மிச்சம் எழுதுவதற்கு மரியாதை இல்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கேட்காமல் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இன்னொரு போத்தல் ஊரில் உண்டு, ஆனால் அது கடலுக்கு அந்தப் பக்கம். வெள்ளிக்கிழமைக்கு நடுவில் இருப்பது இரண்டே நாள். அழுதேன், பிறகு பசித்தது, கோபத்தில் இறங்கிப் போகவும் முடியவில்லை.

புதன்கிழமை காலை கதவைத் திறந்தால் வாசலில் மூடிய தட்டு. இடியப்பமும் சொதியும். மஞ்சள் கொஞ்சம் தூக்கல், மற்றப்படி சொதிதான். தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போனேன். மன்னிப்பு என்ற சொல் தொண்டையில் நின்றது, வரவில்லை. அவள்தான் பேசினாள்.

"நேத்தே சொல்ல வந்தேன். நீங்க கேக்கல. நான் கீழ ஊத்தல டீச்சர், அல்லித் தொட்டியில ஊத்தினேன். தண்ணிய யாராச்சும் சாக்கடையில ஊத்துவாங்களா?"

தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி ஓடினேன். மொட்டைமாடி மூலையில் பழைய சிமெண்டுத் தொட்டி, இரண்டு அல்லி, கொசுப்புழு தின்ன விட்ட கப்பி மீன்கள். அதனால் கொசுக்காரர்கள் அந்தத் தொட்டியைப் பாராட்டிவிட்டே போனார்களாம். பாசி மீனுக்குத் தீனியாகும் என்று என் போத்தலை அதில் ஊற்றியிருக்கிறாள். தொட்டித் தண்ணீர் ஏற்கெனவே இளம்பச்சை. என் சீவன்கள் அந்தக் கடலில் எங்கே?

யூக்ளினாவுக்கு ஒரு குணம் உண்டு, வெளிச்சத்தைத் தேடிப் போகும். சொன்னேன். நஸீமா இரண்டு ஊறுகாய் ஜாடிகளைக் கொண்டுவந்தாள், கண்ணாடி ஜாடி, காரம் போகத் தேய்த்துக் கழுவியது. தொட்டித் தண்ணீரை வடித்து நிரப்பினோம். வெளிச்சம் புகாமல் சுற்றக் கறுப்புத் துணி வேண்டும் என்றதும், முந்தாநாள் வாங்கி நனைத்துக் காயவைத்திருந்த கறுப்பு லைனிங்கை எடுத்தாள். அது யாருடைய கல்யாண ரவிக்கைக்கோ வாங்கியது. வேண்டாம் என்றேன். கேட்காமல் ஜாடிகளுக்கு அளவெடுத்துச் சுற்றி ஊசி போட்டு, கத்தரியின் நுனியால் பட்டாணியளவு ஓர் ஓட்டை வெட்டினாள். ஓட்டையை வெயில் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இரண்டு பேரும் தண்ணீர் டேங்க்கின் நிழலில் உட்கார்ந்தோம். கீழே மீன்காரம்மா வஞ்சிரம் என்று கூவிக்கொண்டு போனார். எங்கள் ஊரில் அது அறுக்குளா.

ஒரு மணி நேரம் கழித்துத் துணியைக் கழற்றினோம். ஓட்டை இருந்த இடத்தில், கண்ணாடியின் உட்பக்கம், பட்டாணியளவு பச்சைப் பொட்டு. நஸீமா அதைக் கையால் தொடப்போய் நிறுத்திக்கொண்டாள்.

அடையாறுக்கு ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "இன்னா மேடம், ஊறுகாயா?" என்றார். உயிருள்ள பொருள் என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியைக் கைக்குழந்தை தூங்குவதுபோல் ஏற்றி இறக்கினார். பின்னால் வந்தவர்கள் அடித்த ஹாரனுக்கெல்லாம் வெளியே தலையை நீட்டிப் பதில் சொன்னார், அந்தப் பதில்களை இங்கே எழுத முடியாது.

வைதேகி ஒரு துளியை எடுத்து வைத்தார். சின்னச் சின்ன வேகக்காரர்கள் நிறைய, தொட்டியின் சொந்தக்காரர்கள். அவர்களுக்கு நடுவில், நீளமாக, மந்தமாக, திருகு விழுந்த உடம்போடு என் ஆட்கள். அல்லது என் ஆட்களைப் போன்றவர்கள். மெல்லிய கண்ணாடிக் குழாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்தேன், இருட்டும் வரை. கழுத்து மரத்துப்போனது. வேலை முடிந்தபோதுதான் வைதேகி மெதுவாகக் கேட்டார், இந்த வகை நம்ம ஊர்க் குளங்களிலும் இருக்கலாமே, தொட்டியில் முன்பே இருந்திருந்தால்? அந்தக் கேள்வி எனக்கு மொட்டைமாடியிலேயே வந்துவிட்டது.

வியாழன் முழுவதும் கழுவுவதும் ஊறவைப்பதும். பிரித்தெடுத்ததில் பாதிக்கு மருந்தேற்றினேன், மீதியை உயிரோடு வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை நான் புறப்படும்போது நஸீமா செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். அடையாறில் ஒருவருக்கு ரவிக்கை கொடுக்கவேண்டும் என்றாள். பிறகு, "கொட்டினவ நான். பொழச்சிதான்னு பாக்கணும்" என்றாள்.

முதலில் உயிருள்ளதை அவளுக்குக் காட்டினேன். கண்ணை வைத்தவள் எடுக்கவில்லை. ஒரு யூக்ளினா அழுக்குத் துணுக்கு ஒன்றின் இடுக்கில் தலையைக் கொடுத்து, இடுப்பு பிதுங்கி, நெளிந்து, மறுபக்கம் போய் நிமிர்ந்திருக்கவேண்டும். உடம்பில் சரிந்து ஓடும் மெல்லிய கோடுகளும் அதில் தெரியும்.

"உள்ள லைனிங் குடுத்து கீது டீச்சர்," என்றாள். "மேல்துணி மட்டும்னா இந்த இழுப்புக்குக் கிழிஞ்சிருக்கும். பட்டி பட்டியா வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணு நகர்ற மாதிரி வெச்சிருக்கு. அதான் சுருக்கம் விழல."

மூன்று வருடமாக அதிபருக்கும், வீட்டாருக்கும், மூன்று கருத்தரங்குக்கும் நான் சொல்ல முயன்றது அதுதான். படலத்துக்கு அடியில் புரதப் பட்டிகள், ஒன்றின் விளிம்பு மற்றதன் பள்ளத்தில் பொருந்தி வழுக்கும். படிக்காதவள் என்று நான் சொன்னவள் ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள். எனக்கு முகம் எரிந்தது. வைதேகி வாய்விட்டுச் சிரித்து, இதை அப்படியே ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள் என்றார்.

பிறகு மருந்தேற்றியதை வைத்தோம், விளக்கை அணைத்தோம். திரையில் நடுவில் பச்சையம் தானாகவே சிவப்பாக ஒளிர்ந்தது. அதைச் சுற்றி, விளிம்பில் மட்டும், தலையிலிருந்து வால் வரை திருகிச் செல்லும் பச்சைப் பட்டிகள், இடைவெளி பிசகாமல். உள்ளே ஒரு பொட்டுக்கூட இல்லை. நான் மூன்று வருடம் கற்பனையில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. நஸீமா என் கையைப் பிடித்திருந்தாள், எப்போது பிடித்தாள் என்று தெரியாது.

இரண்டு மணி ஆகப் பத்து நிமிடம். படங்களைச் சேமிக்கவேண்டும். "எடுத்த இடம்னு கேட்டுண்டே இருக்கு. எதாவது போட்டாத்தான் மேல போகும்," என்றார் வைதேகி. "என்ன போடட்டும்?"

பருத்தித்துறைக் குளம் என்று இரண்டு சொல் சொன்னால் டிசம்பரில் பட்டம். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அநேகமாக அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நான் வருடா வருடம், நுண்ணோக்கியில் கண்டதை விட்டுவிட்டுப் புத்தகத்தில் இருப்பதை வரைந்து தருகிற பிள்ளைகளுக்கு மதிப்பெண் வெட்டுகிறவள். வைதேகி விரலை விசையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மயிலாப்பூர், நஸீமா வீட்டு மொட்டைமாடி, அல்லித் தொட்டி என்றேன். வைதேகி ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்தார்.

வெளியே வந்து என் ஆய்வு மேற்பார்வையாளருக்குத் தொலைபேசினேன். நடந்ததெல்லாம் சொன்னேன். இந்தப் படத்தை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஊர் யூக்ளினாவை மறுபடி கொண்டுபோய்ப் பார்க்கத்தான் வேண்டும், ஆறு மாத நீட்டிப்புக்கு எழுதுங்கள் என்றார். சரி என்றேன்.

தொலைபேசிப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்ற நஸீமாவும் நானும் ஒரே ஆட்டோவில் திரும்பினோம். அடையாற்றுப் பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. அங்கே கேட்டாள்.

"என்னாலதான இன்னும் ஆறு மாசம்?"

இல்லை என்று சொல்வது மரியாதை. எனக்கு உண்மையைச் சொல்லவேண்டும்போல் இருந்தது. போத்தலில் 'உயிர் இருக்கிறது, கொட்டவேண்டாம்' என்று தமிழில் ஒரு வரி எழுதி ஒட்ட எனக்குத் தோன்றவில்லை, அது என் பிழை என்றேன். நீங்கள் ஊற்றியது பெரிதல்ல, நான் உங்களைச் சொன்ன சொல்தான் பெரிது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். புதன்கிழமையிலிருந்து தொண்டையில் நின்றது, பாலத்து நடுவில் வந்தது. கூடவே அழுகையும் வந்தது, நான் அதை மறைக்கவில்லை.

நஸீமா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே துடைத்தாள்.

"அப்ப ஆறு மாசத்துல திரும்ப வருவீங்க," என்றாள். "ரூமை யாருக்கும் விடமாட்டேன்."